குறட்டுப் பூச்சியிடம் சொன்னது

வா கண்ணு, உள்ளே வா. டம்ளரை ஏன் அத்தனை தூரம் கையை நீட்டிப் பிடிச்சிருக்கே? வெடிக்கவா போகுது? மேலே தட்டு போட்டு மூடி, தட்டு மேலே கட்டைவிரல் வேறே. இங்கே வை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேனோ, அப்புறம் தேடிப் பார்க்கிறேன். பார்க்காமலே தெரியும் என்ன பூச்சி என்று. பழுப்பு நிறமா, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமா, வாலில் குறடு மாதிரி இரண்டு கொம்பு இருக்குமே, அதுதானே? நாங்க குறட்டுப் பூச்சி என்போம். பிள்ளையின் துணியை உதறும்போது விழுந்ததா? ஆமாம், அப்படித்தான் விழும்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கோ. அது காதுக்குள்ளே போகாது.

யார் சொன்னாலும் நம்பாதே. நீ பக்கத்து வீட்டுக்குக் குடி வந்து நாலு நாள் ஆச்சு. தண்ணீர்க் குழாயடியில் இன்னுமா சொல்லாமல் இருப்பார்கள். காதுக்குள்ளே பூந்துக்கும், மூளையைத் தின்னும், செவிடாக்கிடும் என்று. எல்லாம் பொய். ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள். போகாது. போகவே போகாது கண்ணு.

பிள்ளையைக் கீழே விடு, தவழட்டும். காலையில்தான் துடைத்தேன். தினமும் இரண்டு வேளை துடைப்பேன். யார் வரப்போகிறார்கள் என்று கேட்காதே, துடைப்பேன், அவ்வளவுதான். வரக்காப்பி போடறேன், குடி. பால் வாங்கறதில்லை. ஒரு ஆளுக்கு எதுக்குப் பால்.

அது ஏன் வீட்டுக்குள்ளே வருது என்று கேட்டாயே. உன்னைத் தேடி வரலை. ஈரத்தைத் தேடி வருது. உன் வீட்டுப் பின்பக்கம் சுவரோடு ஒட்டி விறகு அடுக்கி இருக்கு பார், விறகு மேலே சாக்கு, சாக்கு மேலே பழைய தகரம். அதன் அடியில் கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். அங்கேதான் அதன் குடித்தனம். பகலெல்லாம் அங்கே கிடக்கும், இருட்டினால் மேயக் கிளம்பும். மழை ஓவராகப் பெய்தாலும் சரி, வெயில் காய்ந்தாலும் சரி, கதவுச் சந்து வழியாக உள்ளே வரும். விறகைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, கீழே கல் கொடுத்து அடுக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை. சாக்கைக் காயப் போடு. பூந்தொட்டியைத் தரையோடு தரையாக வைக்காதே. கதவுச் சந்தில் துணி அடை. காய்ந்த துணி. ஈரத்துணி வைத்தால் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. இவ்வளவு செய்தால் பாதி போயிடும்.

மீதிப் பாதிக்கு வேறே வழி. அதைச் சொல்லணும் என்றால் சலேத்தைப் பற்றிச் சொல்லணும்.

உன் வீட்டில் உனக்கு முன்னாடி இருந்தவள். சலேத்து மேரி. அந்த விறகு அவள் அடுக்கினது, அந்தச் சாக்கும் அவளுடையதுதான். அதை எடுத்துப் போடு, எடுத்துப் போடு என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நேராகச் சொல்லவில்லை. சொல்கிற விதமாகச் சொன்னேன். அது பின்னாடி வரும்.

நானும் அவளும் ஒரே டீ ஃபேக்டரியில், ஒரே மேசையில் உட்கார்ந்து தூளில் குச்சி பொறுக்கினவர்கள். இருபத்தாறு வருஷம். என்னைவிட ஆறு வயசு சின்னவள். மாராத்தாக்கா, மாராத்தாக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரரும் போய், என் வீட்டுக்காரரும் போய், வேலையும் முடிந்த பிறகு, இந்தக் கோத்தகிரியிலேயே இருந்துவிடலாம் என்று இந்த இரட்டை வீட்டில் ஆளுக்கொன்றில் வாடகைக்கு வந்தோம். நடுவில் இருக்கிற இந்தச் சுவர் ஒரு செங்கல் கனம்தான். அவள் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கம் 'நூறு' என்பேன். பின்னாடி தோட்டத்துக்குக் கம்பி வேலி, வேலி முழுக்க மேரக்காய்க் கொடி, உங்க பக்கம் சௌசௌ என்பார்களே, அதுதான். நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தோம். குழம்புக் கிண்ணம் போகும், வரும். கிண்ணம் யாருடையது என்றே மறந்துபோச்சு. அந்த எவர்சில்வர் கிண்ணம் இருக்கே, அது அவளுடையது. என்னுடையது அவள் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

போன வருஷம் சித்திரையில் அவள் மகன் சகாயம், திருப்பூரில் இருக்கிறான், பெண்டாட்டியையும் நாலு மாசக் கைக்குழந்தையையும் கொண்டுவந்து விட்டான். அங்கே வெயில் தாங்கலை, ஒரு மாசம் இங்கே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. அந்த ஒரு மாசத்துக்கு சலேத்து தை மாசத்திலிருந்தே தயார் பண்ணினாள். கம்பளி பின்னினாள். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்தாள். கொக்கி தாங்குதா என்று என்னையே பிடித்துத் தொங்கச் சொன்னாள், கேட்டுக்கோ.

அவர்கள் வந்து மூணு நாள் ஆச்சு. மூணு நாளாக வேலிப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கிண்ணமும் வரவில்லை. இருக்கும், பேத்தி வந்திருக்கிறாள், வேலை இருக்கும். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் நானே கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்து, தொட்டில் துணியிலிருந்து ஒரு குறட்டுப் பூச்சி பொத்தென்று விழுந்தது. மருமகள் வீல் என்று கத்தினாள்.

நான் என்ன செய்தேன்? சின்ன வயசிலிருந்து எங்க ஊரில் கேட்டதைச் சொன்னேன். "ஐயையோ, இது காதுக்குள்ள பூந்துச்சுன்னா மூளையத் தின்னாம வெளிய வராதே! எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு இப்படித்தான்…" என்றேன். அப்படி ஒரு பிள்ளை இருந்ததா என்று கேட்காதே. பேச்சு வேகத்தில் ஒரு பிள்ளை வந்துவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கும்போது பாதியில் நிறுத்த முடியுமா? அந்தப் பிள்ளை எத்தனை நாள் துடித்தது என்பதுவரை சொல்லித்தான் நிறுத்தினேன்.

மத்தியான பஸ்ஸுக்கு மருமகள் கிளம்பிவிட்டாள். லீவு போட்டுக் கூடவே தங்கியிருந்த சகாயம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாடியே போனான். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டு போனது. சலேத்து வாசலில் நின்றாள். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க சும்மா இருந்திருக்கலாம்க்கா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் வேலிச் சந்தில் தகரம். ஆள் உயரத்துக்குத் தகரம், ஆணி அடித்து.

நீயே சொல்லு. பூச்சி அவள் வீட்டுச் சாக்கில் வளர்ந்தது. அவள் வீட்டுத் தொட்டிலில் விழுந்தது. இதைச் சொன்ன வாய்தான் குற்றவாளியா?

ஆனி மாசம் மழை பிடித்தது. நான் நட்ட முட்டைக்கோஸ் நாற்றெல்லாம் ஒரே வாரத்தில் சல்லடையாச்சு. அவள் டேலியாப் பூவும் மொட்டிலேயே கடிபட்டு நின்றது. கொடி வழியாகத் தெரியும். நான் உற்றுப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேடியோவில் தோட்டக்காரர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ரேடியோ, இந்தப் பக்கம் என் ரேடியோ. ஒரே ஆள் இரண்டு வீட்டிலும் பேசுவார். அன்றைக்கு இந்தப் பூச்சியைப் பற்றித்தான் பேசினார். பழைய நியூஸ் பேப்பரை நனைத்து, தளர்வாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் நூல் கட்டி, பொழுது சாயும்போது செடியடியில் போட்டு வைக்கணும். மேய்ந்துவிட்டு வருகிற பூச்சி, விடிகிறதுக்குள்ளே ஒளிய இடம் தேடும் இல்லையா, அந்தச் சுருளுக்குள்ளே புகுந்துக்கும். காலையில் எடுத்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் உதறிவிடணும். அவ்வளவுதான். மருந்து வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் காலையில் நான் சுருளை எடுக்கப் போனால், தகரத்துக்கு அந்தப் பக்கமும் பேப்பர் சரசரக்குது. அவளும் அதே ரேடியோதானே.

வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்தத் தண்ணீரை அப்புறம் எங்கே ஊற்றுவது? மண் கெட்டுப்போகும். கொல்ல மனசு வரவில்லை என்று நினைக்காதே, எத்தனையோ கோழியை அறுத்த கை இது. மண்ணுக்காகத்தான். அதனால் தகரத்துக்கு மேலே கையைத் தூக்கி, அந்தப் பக்கம் உதறிவிட்டேன். அவள் விறகில் பிறந்தது அவள் வீட்டுக்கே போகட்டும். உதறும்போது சும்மா உதற முடியவில்லை. பூச்சியைப் பார்த்துச் சொன்னேன்: "போங்கடி, போங்க. உங்களுக்கு ஈரச்சாக்குல மெத்தை போட்டு வச்சிருக்கற மகராசி அங்கதான் இருக்கறா."

அப்புறம் தகரத்துக்கு மேலே ஒரு சுருள் வந்தது. என் காலடியில் ஏழெட்டுப் பூச்சி விழுந்தது. கூடவே குரல்: "ஏ பூச்சிகளா, வாயால குடி கெடுக்கறவங்க வீட்டுக்கே போயிடுங்க. உங்களுக்கு அதுதான் பொருத்தம்."

அன்றையிலிருந்து தினமும் காலை ஆறரை மணி. நான் அங்கே உதறுவேன், அவள் இங்கே உதறுவாள். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்கவில்லை, ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. எல்லாம் பூச்சியிடம்தான். "பூச்சி, நேத்து எவளோ ரசத்தத் தீய விட்டுட்டா போல, சுவரெல்லாம் நாறுது" என்பேன். "தீஞ்ச ரசம் நாலு பேருக்குக் கெடுதல் செய்யாது பூச்சி, தீஞ்ச நாக்குதான் செய்யும்" என்பாள். அவளுக்குப் பேச்சு வரும், சும்மா சொல்லக் கூடாது. மேசையில் குச்சி பொறுக்கும்போதே சூப்பர்வைசரை அழவைத்தவள். ஒருநாள் நான் நொண்டி நொண்டி நடந்தது கொடி வழியாகத் தெரிந்திருக்கும் போல. "ஏ பூச்சி, உன் வீட்டுக்காரிக்கு முட்டி வீங்கிக் கெடக்குது. தைலத்தச் சூடு பண்ணித் தேய்க்கத் தெரியாதா? தெரியாதுன்னாத் தெரிஞ்சவங்களக் கேக்க வாயில்லையா? அந்த வாய் வேற எதுக்கெல்லாமோ இருக்குது" என்றாள். எவ்வளவு கொழுப்பு பார். நான் தைலம் தேய்த்தேன். அவள் சொன்னதற்காக இல்லை, வலித்தது, தேய்த்தேன்.

எழுந்ததும் முகம் கழுவி, தலை சீவிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் பின்பக்கம் போவேன். பூச்சி உதறப் போறவளுக்கு எதுக்குக் கொண்டை என்று நீ கேட்பாய். மழைக்காலம். தலை விரிந்து கிடந்தால் சளி பிடிக்கும்.

ஆடியில் ஒரு பூச்சி வந்தது. வாலில் ஒரே கொம்புதான், இன்னொன்று ஒடிந்துபோனது. ஒற்றைக் கொம்பன் என்று பேர் வைத்தேன். காலையில் அவனை அந்தப் பக்கம் உதறினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் என் காலடியில் விழுந்து ஓடறான். திருப்பி அனுப்பினேன். திரும்ப வந்தான். ஏழு தடவை எண்ணினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாசமாக நாங்க இரண்டு பேரும் பூச்சியை ஒழிக்கவே இல்லை. இருக்கிற பூச்சியை இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருக்கிறோம். அவளுக்கும் தெரிந்திருக்கும், அவள் என்ன முட்டாளா. ஆனால் அவளும் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தாமல் நான் எப்படி நிறுத்துவது?

அப்புறம் அவள் அழிச்சாட்டியம் ஆரம்பித்தது. ஆவணியிலிருந்து ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள். முதலில் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். புரட்டாசியில் என் அலமாரியில் டம்ளர் அதிர்ந்தது. என் ரேடியோவை நான் போடவே வேண்டாம், அவளுடையதே இங்கே கேட்கும். உலக்கையை எடுத்துச் சுவரில் இடித்தேன். குறைக்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? பூச்சியிடம் பேசினாலும் ஏடாகூடமாகப் பதில். "பூச்சி, கூரைத் தகரம் தூக்கிட்டு நிக்குது, காத்துக்குப் பறக்கப் போகுது, கல்லு வைக்கச் சொல்லு" என்பேன், நல்லதுக்குச் சொன்னது. அவள், "நான் ஒண்ணும் யாரு மேரக்காயையும் பறிக்கல பூச்சி" என்பாள். நான் மேரக்காயைப் பற்றிப் பேசினேனா? வம்புக்கு இழுக்கிறாள் என்று நானும் நாலு சொன்னேன். அதற்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

ஐப்பசியில் ரேடியோவைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று நிறுத்திவிட்டாள், அந்த அளவுக்கு ஆங்காரம் என்று நினைத்தேன்.

அந்த மாசம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ ஒரு அம்மா கேட்ட கேள்வியை ரேடியோக்காரர் படித்தார். குறட்டுப் பூச்சி காதுக்குள்ளே போகுமாமே, உண்மையா என்று. அவர் சிரித்தார் கண்ணு. சிரித்துவிட்டு, "இது பழைய பயம்மா. காது அதுக்கு வீடு இல்லை, அதுக்கு வேணுங்கறது மண்ணும் ஈரமும்தான். அந்தக் கொறடு கூட ஒண்ணோட ஒண்ணு சண்டை போடறதுக்கு. நம்மளக் கடிச்சா எறும்பு கடிச்ச அளவுக்குக் கூட இருக்காது" என்றார். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றேன். அந்தச் சிரிப்பு இங்கே ஒரு வீட்டில்தான் கேட்டது. அந்தப் பக்கம் ரேடியோ இல்லையே.

அப்போ அந்தப் பிள்ளையை நான் சும்மாவே துரத்தியிருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பன் இருந்தான். நல்லதாப் போச்சு என்று அவனைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தகரத்தருகே போனேன். அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், பேப்பர் சரசரக்குது. "ஏ ஒத்தைக் கொம்பா" என்றேன். "நீ காதுக்குள்ள போறவனே இல்லையாமே. ரேடியோவுல சொல்லிட்டாங்க. தெரியாம, வாய்க் கொழுப்புல, நான்தான் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை பாவம். அதத் திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லு. நான் வேலிப் பக்கம்கூட வரமாட்டேன்னு சொல்லு."

அறுபத்தெட்டு வயசில் நான் யாரிடமும் இப்படிப் பேசினது இல்லை. என் வீட்டுக்காரரிடமே பேசினது இல்லை. சொல்லிவிட்டு அவனை அந்தப் பக்கம் விட்டேன். காத்திருந்தேன். காப்பி ஆறுகிற நேரம் காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் போல ஒரு சுருள் மேலே வந்தது, பூச்சியை உதறியது, போய்விட்டது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இறங்கி வந்தவளை இப்படியா நடத்துவது? அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையிலிருந்து ஒரு கட்டுப் பழைய பேப்பர் வாங்கிவந்து இருபது சுருள் போட்டேன். மேரக்காய்க் கொடியடி, தொட்டியடி, குப்பைக் குழியடி, எங்கேயும் விடவில்லை. காலையில் எல்லாவற்றையும் அவள் பக்கம் கொட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாசம் முழுக்கக் கொட்டினேன்.

கார்த்திகையில் சகாயம் வேன் கொண்டுவந்தான். முன்வாசலில் வந்து நின்று, "மாராத்தா பெரிம்மா, அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க பெரிம்மா" என்றான். நான் பார்த்துக்கொண்டேனாம். எதுக்கு இப்போ திடீரென்று என்றேன். "உங்களுக்குத் தெரியாதுங்களா? அம்மாவுக்குக் காது சுத்தமாப் போச்சு. ஆவணியிலயே மந்தமாத்தான் இருந்துச்சு. ரேடியோவச் சத்தமா வச்சு வச்சுப் பாத்துச்சாம், அப்புறம் அதுவும் கேக்கலைன்னு ஓரமா வச்சிருச்சு. போன வாரம் குக்கர் விசில் அடிச்சு அடிச்சு தண்ணி வத்தி, கருகற வாசம் வந்துதான் ஓடியிருக்குது. இனித் தனியா விட முடியாதுங்க."

"ஐப்பசியில?" என்று கேட்டேன். "ஐப்பசியில ஏதாச்சும் கேட்டிருக்குமா சகாயம்? கொஞ்சமாச்சும்? தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினா?"

"காதுகிட்ட வந்து கத்தினாலே கேக்காதுங்க பெரிம்மா" என்றான்.

அவன் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் பின்பக்கம் வந்து தோட்டத்தில் நின்றேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்றும் இல்லை, நின்றேன். தகரத்துக்கு மேலே ஒரு கை வந்தது. அவள் கைதான், எப்போதும் போட்டிருக்கிற செம்பு வளையல் தெரிந்தது. கையில் சுருள். உதறினாள். மூணே மூணு பூச்சி விழுந்தது. காது கேட்காதவர்கள் சத்தம் தெரியாமல் கத்துவார்கள் இல்லையா, அப்படிக் கத்திச் சொன்னாள்: "பூச்சிகளா, இனிமே இங்கயே இருந்துக்கங்க. திரும்பி வராதீங்க. அக்கா தனியா இருக்கும்."

அக்கா என்றாள். ஏழு மாசம் கழித்து. அதைக்கூடப் பூச்சியிடம்தான் சொன்னாள் பார்.

என் வாயில் வார்த்தை இருந்தது. ஆனால் அவளுக்குக் கேட்கணும் என்றால் கத்தணும். முன்னாடி வேனைச் சுற்றித் தெரு ஜனம் பூரா நிற்குது. அத்தனை பேர் முன்னாடி, நான் பொய் சொன்னேன் என்று கத்தச் சொல்றியா? தகரத்தைத் தள்ளியிருக்கலாம். இரண்டு ஆணிதான், அதுவும் துரு. தள்ளவில்லை. பழக்க தோஷம், கீழே விழுந்த பூச்சியைப் பார்த்து என்னவோ சொன்னேன். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கடைசி நாள்கூட என் தோட்டத்தில் பூச்சியைக் கொட்டிவிட்டுத்தான் போனாள். அவள் குணம் அப்படி.

அப்புறம்தான் குழாயடியில் பேச ஆரம்பித்தார்கள். சலேத்து காதுக்குள்ளே குறட்டுப் பூச்சி பூந்துவிட்டதாம், அதனால்தான் செவிடாம். டாக்டர் வயசு என்றுதான் சொன்னாராம், சகாயமே சொன்னான். ஆனால் இவர்களுக்கு யார் புரியவைப்பது? இவர்களுக்கு அந்தக் கதையை முதலில் சொன்னது யார் என்று கேட்காதே. காப்பியைக் குடி, ஆறுது.

போகாதில்லையா கண்ணு? நீ படிச்ச பொண்ணு. நான் ஆனியில் கொட்ட ஆரம்பித்தேன். ஆவணியில் மந்தம் என்கிறான். நடுவில் ஒரே மாசம். அவள் குனிந்து சுருளை எடுத்துக்கொண்டு இருக்கும்போதே தலைமேலே கொட்டியிருக்கிறேன், சத்தம் வைத்தே எனக்குத் தெரியும் அவள் எங்கே நிற்கிறாள் என்று. ஐப்பசியில் நான் கொட்டினது எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். ரேடியோக்காரர் போகாது என்றார். அவர் சிரித்தார். அவரே சிரிக்கிறார் என்றால் அவர் சொன்னது உண்மையாகத்தானே இருக்கும்? சொல்லு. தலையை ஆட்டாதே. வாயால் சொல்லு.

ம். சரி. போகாது. அதைத்தான் நானும் சொல்றேன்.

சகாயத்துக்கு ஒரு தடவை போன் பண்ணினேன். "பூச்சி காதுக்குள்ள போகாதாம், அம்மாகிட்டச் சொல்லு" என்றேன். "சரிங்க பெரிம்மா" என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. சொன்னானோ என்னவோ. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கும் படிக்கத் தெரியாது. எங்க இரண்டு பேருக்கும் கையெழுத்து மட்டும்தான். பேப்பரில் நாங்க பார்க்கிறது படம் மட்டும்தான், மீதி பூச்சிக்கு.

இன்னொன்றும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதே. உன் வீடு அஞ்சு மாசம் பூட்டிக் கிடந்தது. அந்த அஞ்சு மாசமும் நான் சுருள் போட்டேன். காலையில் எடுத்து அந்தப் பக்கமே உதறினேன். பழக்கம். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். திருப்பி உதற ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் என் பக்கம் குறைஞ்சுகொண்டே வந்து, மாசியில் சுருளைப் பிரித்தால் வெறும் பேப்பர். என் தோட்டத்தில் இப்போ ஒரு பூச்சி கிடையாது. முட்டைக்கோஸ் போய்ப் பாரு, ஒரு ஓட்டை இருக்காது. ரேடியோக்காரர் வந்து பார்த்தால் மெச்சிக்குவார். உன் வீட்டில் இத்தனை இருக்கு என்றால் அதில் பாதி நான் அனுப்பினதுதான்.

அடடே, பாரு உன் பொண்ணை. சுருட்டி வைத்த பேப்பரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். விடு, விடு, அது காய்ந்த பேப்பர்தான், நான் இன்னும் நனைக்கலை. பல்லு வருதா? எத்தனை மாசம்? எட்டா. சலேத்து பேத்திக்கு இப்போ ஒண்ணரை வயசாகியிருக்கும். நடக்கும்.

கண்ணாடி ரேடியோ மேலேயே இருக்கு, அதை எடு. டம்ளரைக் கொண்டா, பார்க்கலாம். வெளிச்சத்துக்குத் திருப்பு.

இரண்டு கொம்பும் முழுசாக இருக்கு.

இல்லை, ஒன்றும் இல்லை. இது புதுசு. நான் பார்த்தது இல்லை.

உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கி வைத்திருக்கிறார் என்று சொன்னாயே, அது வேண்டாம். தவழற பிள்ளை இருக்கிற வீடு. அதோடு இந்தப் பூச்சி செடியில் ஒட்டுகிற அசுவினியையும் தின்னும், அடியோடு ஒழிக்க வேண்டிய ஜென்மம் இல்லை அது. விறகைத் தள்ளி அடுக்கு, சாக்கை வெயிலில் போடு, நான் சொன்ன மாதிரி. இந்தா, இந்த ஆறு சுருளையும் எடுத்துக்கோ, நூல் கட்டியே வைத்திருக்கிறேன். சாயங்காலம் நனைத்துப் போட்டுவிட்டு, காலையில் சரியாக ஆறரைக்கு எடு. ஏழாகிவிட்டால் அது வேறே இடம் பார்த்துப் போயிடும். சரியாக ஆறரை.

எங்கே உதறுவது என்று கேட்கறே. ரேடியோக்காரர் சோப்புத் தண்ணீர் என்பார். அது மண்ணைக் கெடுக்கும், நான் சொன்னேன் இல்லையா. வேலிக்கு இந்தப் பக்கம் உதறு. அந்தத் தகரத்தை இன்றைக்கே எடுத்துடறேன், இரண்டு ஆணிதான். தாராளமாக உதறு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஊமை மாதிரி உதறிவிட்டுப் போயிடாதே. பூச்சியிடம் ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உதறு. திட்டினாலும் சரி. எனக்குக் காது நல்லாக் கேட்கும்.